சீட்டுக்கட்டு மாற்று

சீட்டுக்கட்டு மாற்று என்பது மேஜிக் கலையின் உத்திகளுள் ஒன்று. கையில் இருக்கும் சீட்டுக்கட்டை அகற்றி, அதே தோற்றமுள்ள இன்னொரு கட்டைப் பார்வையாளர் அறியாமல் அதன் இடத்தில் கொண்டுவருவதே இது. ஆங்கில வழக்கில் டெக் சுவிட்ச் எனப்படும். புதிதாக வரும் கட்டு முன்கூட்டியே வரிசைப்படுத்தி அடுக்கியதாகவோ, தனியாகத் தயாரித்த சீட்டுகளைக் கொண்டதாகவோ இருக்கும். தாம் கலைத்துக் கொடுத்த கட்டில்தான் எல்லாம் நடந்தது என்று பார்வையாளர் கடைசிவரை நம்ப வேண்டும். கைவேகத்தைவிட நேரமும் காரணமும் இதில் முதன்மையானவை. ஆகவே நிகழ்ச்சிக்குப் பொருத்தமான மாற்றைத் தேர்ந்தெடுப்பதே இவ்வுத்தியின் பெரும்பகுதி.

தேவை

52 சீட்டுகளை அடுக்கக்கூடிய வழிகளின் எண்ணிக்கையை எழுத, 8 போட்டு அதன்பின் ஏறத்தாழ 67 சுழிகள் இட வேண்டும். நன்றாகக் கலைத்துவிட்டால் பழைய வரிசை திரும்ப வராது. சீட்டு வித்தைகளில் மிக வியப்பூட்டுபவை பலவும் வரிசையை நம்பியவை. பார்வையாளரின் நம்பிக்கையோ கலைப்பதில் இருக்கிறது. இந்த இரண்டையும் ஒருசேரக் காப்பாற்றித் தருவதுதான் மாற்று.

வரிசைப்படுத்திய கட்டு மிகப் பழையது. இத்தாலியரான ஹொராத்தியோ கலாசோ 1593இல் வெனிஸில் வெளியிட்ட சிறுநூலிலேயே அத்தகைய அடுக்கு இருக்கிறது. அமெரிக்க மேடைக் கலைஞர் சை ஸ்டெபின்ஸ் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பரப்பிய அடுக்கு அதற்கு நெருங்கிய உறவு. அதில் ஒவ்வொரு சீட்டும் முந்தையதைவிட மூன்று கூடுதல். கிளாவர், ஆட்டின், இஸ்பேட், டைமன் என்று இனமும் மாறி மாறி வரும். கிளாவர் 6, ஆட்டின் 9, இஸ்பேட் ராணி, டைமன் 2, கிளாவர் 5 என்று அது சங்கிலியாக ஓடும். எங்கு வெட்டினாலும் சங்கிலி அறாது. அடியில் உள்ள சீட்டைப் பார்த்தால் மேலே இருப்பது எது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஒருமுறை கலைத்துவிட்டால் அவ்வளவுதான்.

கலைப்பதுபோல் பாவனை செய்து வரிசையைக் காக்கும் பொய்க் கலைப்பும் உண்டு. அதில் தேர்ந்தவர்கள் பலர். ஆனால் பார்வையாளர் தம் கையாலேயே கலைப்பதற்கு அது ஈடாகாது.

வரலாறு: சூதாட்ட மேசை

மாற்று முதலில் வளர்ந்த இடம் சூதாட்ட மேசை. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கச் சூதாடிகள், மேசைக்குக் கள்ளமாகக் கொண்டுவரப்படும் அடுக்கிய கட்டைக் ‘குளிர்ந்த கட்டு’ என்றார்கள். ஆட்டத்தில் புழங்கிய கட்டு கைச்சூட்டில் இளஞ்சூடாக இருக்கும். பையிலிருந்தோ மடியிலிருந்தோ வந்த கட்டு தொட்டால் சில்லென்றிருக்கும். பெயர் அதனால் வந்தது என்பார்கள்.

போக்கரில் ஏமாறுபவருக்கு மோசமான சீட்டு வருவதில்லை. மிக நல்ல சீட்டே வரும். அவருக்கு நான்கு ராணி, ஏமாற்றுபவருக்கு நான்கு ராஜா என்று கட்டு அடுக்கப்பட்டிருக்கும். நான்கு ராணியைக் கண்டவர் கையிலுள்ளதையெல்லாம் பந்தயமாக வைப்பார். தம் சீட்டிலேயே கண் நிலைத்துவிடுவதால் கட்டைப் பற்றி நினைக்க அவருக்குப் பொழுதிருக்காது.

பிரெஞ்சு மேடைக் கலைஞர் ழான் யூஜீன் ராபர்ட்-ஹூடின் (1805–1871), சூதாட்ட மோசடிகளை வெளிப்படுத்தி 1861இல் ஒரு நூல் எழுதினார். பியாங்கோ என்ற ஸ்பானியச் சூதாடியின் கதை அதில் வருகிறது. பியாங்கோ பெருந்தொகையாகச் சீட்டுக்கட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றையும் பிரித்து, முதுகில் அடையாளமிட்டு, பழையபடி முத்திரை ஒட்டி, கியூபாவின் ஹவானா நகருக்கு அனுப்பி மலிவு விலையில் விற்கச் செய்தான். பிறகு தானும் அங்கே போய் ஆடத் தொடங்கினான். அவன் எந்த மன்றத்தில் உட்கார்ந்தாலும் கடையிலிருந்து வந்த ‘புதிய’ கட்டு அவனுடையதே. லாஃபோர்காட் என்ற பிரெஞ்சுக்காரன் அங்கே வந்தான், அவனும் ஏமாற்றுக்காரன். தான் அடையாளமிடலாம் என்று ஒரு கட்டைக் கைப்பற்றிப் பார்த்தபோது, அது ஏற்கெனவே அடையாளமிட்டதாக இருந்தது. ஆளைக் கண்டுபிடித்து, வருமானத்தில் பங்கு கேட்டான். மேசையில் கை எதையும் செய்யவில்லை. ஆட்டம் தொடங்குமுன்பே, ஒரு நகரத்தின் கட்டுகள் மாற்றப்பட்டுவிட்டன. வரலாற்றில் சொல்லப்படும் மிகப் பெரிய சீட்டுக்கட்டு மாற்றுகளுள் இதுவும் ஒன்று.

லண்டனின் மேஜிக் கலைஞர் ஜான் நெவில் மாஸ்கலின் 1894இல் எழுதிய நூல், அமெரிக்கச் சூதாடிகளின் கருவிகளை விரிவாகப் பதிவு செய்தது. சான் பிரான்சிஸ்கோவின் சூதாடி கெப்ளிங்கர் 1888 அளவில் பயன்படுத்திய சட்டைக்கைக் கருவி அவற்றுள் புகழ்பெற்றது. முழங்கால்களை அகற்றியும் சேர்த்தும் சீட்டைச் சட்டைக்கைக்குள் மறைக்கலாம், திரும்பக் கொண்டுவரலாம்.

மேடைக்கு வந்த விதம்

ஹாஃப்மன் என்ற புனைபெயரில் ஆஞ்சலோ லூயிஸ் என்ற வழக்கறிஞர் 1876இல் வெளியிட்ட பெருநூல், மேடைக் கலைஞரின் உடையை விளக்குகிறது. வால்கோட்டின் பின்மடிப்புகளில் பெரிய பைகள். தொடையின் பின்புறம், தொங்கும் கைக்கு எட்டும் இடத்தில் சிறிய பைகள். மேசையின் பின்னால் பார்வையாளருக்குத் தெரியாத ஒரு தட்டு. பொருளைப் போடவும் எடுக்கவும் இவையே உதவின. வால்கோட்டு மறைந்த பிறகு வேலை சாதாரணக் கோட்டுப் பைக்கு மாறியது.

சூதாடிக்கும் மேஜிக் கலைஞருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சூதாடி ஒரே ஒரு ஆட்டத்தில் வென்று எழுந்து போய்விடலாம். கலைஞரோ மாற்றிய பிறகும் அதே மக்களின் முன் நின்று, அவர்கள் நினைவில் ஒரு தடமும் விடாமல் இருக்க வேண்டும்.

வகைகள்

பை மாற்று: அருகிலிருந்து பார்த்தால் இதன் எளிமை விளங்கும். கோட்டின் வலப் பையில் இரண்டாம் கட்டு நிற்கிறது. நடுவே நிறுத்திய ஓர் அட்டைத்துண்டு பையை இரண்டு அறையாக்குகிறது. முதல் வித்தை முடிந்து கைதட்டல் எழுகிறது. கலைஞர் கட்டைப் பையில் போட்டுவிட்டு, ஒருவரிடம் பேசிச் சிரிக்கிறார். நிகழ்ச்சி முடிந்தது என்றே எல்லோரும் எண்ணுகிறார்கள். “இன்னும் ஒன்று காட்டட்டுமா?” என்று கேட்டபடி அதே பையில் கைவிட்டு எடுக்கிறார். வெளியே வருவது இரண்டாம் கட்டு.

பெட்டி மாற்று: கட்டைப் பெட்டியில் போட்டு மூடி ஓரமாக வைப்பதும், வேறு பெட்டியை எடுப்பதும்.

மறைவு மாற்று: பேனா, கைக்குட்டை, கண்ணாடி எதையேனும் எடுக்கக் கைப்பைக்குள் கட்டோடு கை போய் வருவது.

மடி மாற்று: மேசை முன் உட்கார்ந்து, விளிம்பின் கீழ் மடியில் செய்வது.

வெளிப்படை மாற்று: இரண்டு கட்டுகளை முதலிலிருந்தே வைத்துக்கொண்டு, ‘என்னுடையதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்’ என்று கண்ணெதிரே பரிமாறிக்கொள்வது.

தேர்வு

முதல் கேள்வி உட்கார்ந்தா, நின்றா என்பது. மடி மாற்று நிற்பவருக்கு உதவாது. பை மாற்று கோட்டு அணியாதவருக்கு உதவாது. ஒரு கட்டின் கனம் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். மெல்லிய துணியில் அது புடைத்துக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது காரணம். ஸ்பானியச் சீட்டு மேஜிக்கின் தந்தை எனப்படும் அர்துரோ தே அஸ்கானியோ (1929–1997), வழிச்செயல் என்ற கருத்தை வகுத்தார். ஒரு நோக்கத்துக்காகக் கை போகும் வழியில் நடக்கும் சிறு செயலை மனம் பதிவு செய்வதில்லை என்பது அதன் சாரம். பேனா எடுக்கப் போன கை கட்டை மாற்றினால், பேனா உண்மையிலேயே அடுத்த வித்தைக்குத் தேவைப்பட வேண்டும். எடுத்த பேனா மேசையில் சும்மா கிடந்தால் மாற்று பிடிபட்டுவிடும்.

மூன்றாவது நேரம். வித்தையின் நடுவே மாற்றுவதைவிட இரண்டு வித்தைகளுக்கு இடையே மாற்றுவதே சிறந்தது. அப்போது பார்வையாளரின் கவனம் தளர்ந்திருக்கும். கூர்ந்து கவனிக்க எதுவும் இல்லை என்று நினைப்பார்கள்.

நான்காவது கட்டுகளின் ஒற்றுமை. அரைமணி புழங்கிய சீட்டு லேசாக வளைந்து, விளிம்பில் கைவியர்வையின் மங்கல் ஏறியிருக்கும். புதுச்சீட்டு வழுக்கி, விசிறியாகச் சீராக விரியும். முதுகுச் சித்திரம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு கட்டுகளையும் ஒன்றாக வாங்கி, ஒரே அளவு பயிற்சியில் புழக்கி, பெட்டி மூடியின் மடிப்புக்கூட ஒத்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். 1885 முதல் வரும் பைசிக்கிள் சீட்டு உலகெங்கும் ஒரே வடிவில் கிடைப்பதால் இது எளிதாகிறது.

இன்றைய நிலை

ஸ்பெயினின் மேஜிக் கலைஞர் ஹுவான் தமாரிஸ் உருவாக்கிய மனப்பாட அடுக்கும் வரிசையை நம்பியது என்பதால், அது பரவிய பிறகு மாற்றின் தேவை கூடியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் மேஜிக் கலைஞர் ராபர்ட்டோ ஜியோபி 2013இல் சீட்டுக்கட்டு மாற்றுக்கென்றே தனிநூல் வெளியிட்டார். சூதாட்ட அரங்குகள், பழைய கட்டுகள் மேசைக்குத் திரும்பாதிருக்க அவற்றில் துளையிட்டோ மூலையை வெட்டியோதான் வெளியே விடுகின்றன.