வாவிக்கரையில் முந்நூற்றுநாலு: ஒரு சீட்டாட்டத்தின் வரலாறும் கேள்விக் கணக்கும்

முந்நூற்றுநாலு இலங்கைத் தமிழரிடையே வேரூன்றிய சீட்டாட்டம். எதிரெதிரே அமரும் இருவர் ஒரு கூட்டாக, நால்வர் ஆடுவது. 52 சீட்டுக் கட்டிலிருந்து 2 முதல் 6 வரையுள்ள 20 சீட்டுகளை நீக்கிவிட்டு, எஞ்சிய 32 சீட்டுகளை வைத்து ஆடுவார்கள். ஜாக்குக்கு 30 புள்ளி, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓர் இனத்துக்கு 76 புள்ளி வீதம் நான்கு இனத்துக்கும் சேர்த்து 304 வரும். ஆட்டத்தின் பெயரும் அதுவே.

ராசாவையும் ஆசுச் சீட்டையும் தாண்டி ஜாக்கும் ஒன்பதும் உச்சியில் நிற்பதுதான் இதன் பூர்வீகத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம். ஒல்லாந்தரின் கிளாவர்யாஸ், சுவிட்சர்லாந்தின் யாஸ், பிரான்சின் பெலோட் ஆகிய ஆட்டங்களிலும் மற்ற இனங்களை வெட்டும் துரும்பு இனத்தில் ஜாக்கும் ஒன்பதும் இதே இடத்தில் நிற்கின்றன. இந்தக் குடும்பத்தின் தாயகம் ஒல்லாந்து என்பது சீட்டாட்ட வரலாற்றாளர்களின் பொதுக் கருத்து. சுவிட்சர்லாந்தில் யாஸ் பற்றிய முதல் பதிவு 1796-ஆம் ஆண்டுக்குரியது. தெற்காசியாவுக்கு வந்தபோது ஒரு மாற்றம் நேர்ந்தது: ஜாக்கும் ஒன்பதும் துரும்பில் மட்டுமன்றி எல்லா இனங்களிலும் உயர்ந்துவிட்டன. கேரளத்தின் இருபத்தெட்டும் ஐம்பத்தாறும், வங்காளத்தின் இருபத்தொன்பதும் இதே வரிசையைத்தான் பின்பற்றுகின்றன. கொச்சி 1663 முதல் 1795 வரை ஒல்லாந்தர் கையில் இருந்தது. அவர்களின் கோட்டைகள் நின்ற கேரளக் கரையிலும் இலங்கையிலும் இந்த ஆட்டங்கள் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை.

அந்த ஒல்லாந்தர் இலங்கையில் முதலில் கால்பதித்த இடம் மட்டக்களப்பு. 1602-ஆம் ஆண்டு மே மாதம் யோரிஸ் வான் ஸ்பில்பெர்கன் இந்தக் கரையில் இறங்கி, இங்கிருந்துதான் கண்டிக்குப் போய் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்தார். 1628-இல் போர்த்துக்கேயர் வாவி நடுவேயுள்ள புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638 மே 18 அன்று, வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தப் படை இரண்டாம் இராசசிங்கனின் துணையோடு அதைப் பிடித்தது. இந்தத் தீவில் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய முதல் கோட்டை அதுவே. 1795-இல் ஆங்கிலேயர் வரும்வரை, இடைவெளிகளோடு, ஒல்லாந்தரின் கும்பனிக் காவற்படை வாவி நடுவே தங்கியிருந்தது. கோட்டைக் காவலின் நீண்ட பொழுதைப் போக்கப் படைவீரர்களுக்குச் சீட்டுக் கட்டு எங்கும் துணையாக இருந்த காலம் அது.

அந்தக் காலத்தின் தடம் நாவிலும் நிற்கிறது. சிங்களத்தில் நான்கு இனங்களையும் ஹார்த்த, ருவித, கலாபர, இஸ்கோப்ப என்பார்கள். நான்கும் ஒல்லாந்தச் சொற்களின் உருமாற்றம். தமிழில் இன்றும் வழங்கும் கிளாவரும் அப்படி வந்ததே. கந்தோரும் கக்கூசும் எந்த வழியாக ஈழத்தமிழுக்குள் நுழைந்தனவோ, அதே வழியில் இந்தச் சொல்லும் நுழைந்தது. மட்டக்களப்பில் இந்தக் கலப்பு மனிதரிலேயே தொடர்கிறது. போர்த்துக்கேயக் கிரியோல் மொழியைக் காத்துவந்த பறங்கியர் சமூகம் இங்கே தச்சு, இரும்பு, இயந்திர வேலைகளில் பேர்பெற்றது. அவர்களில் பலர் வாழ்ந்த டச்பார் குடியிருப்பை 2004 ஆழிப்பேரலை அழித்துச் சென்றது. அங்கே போனவை வீடுகள் மட்டுமல்ல, பேச்சும் பாட்டும் சேர்ந்த ஒரு வாழ்முறையின் இருப்பிடமும்தான்.

சிங்கள ஊர்களில் இதற்கு நெருங்கிய உறவாக நிற்பது ஓமி. அதுவும் 32 சீட்டு, நால்வர், இரண்டு கூட்டு. முதல் நான்கு சீட்டைப் பார்த்தே துரும்பு சொல்வார்கள். ஆனால் ஓமியில் ஏலம் இல்லை, வென்ற சுற்றுகளின், அதாவது பிடிகளின், எண்ணிக்கைதான் கணக்கு. முந்நூற்றுநாலை வேறுபடுத்துவது அதன் விலைபேசல். சாவீட்டில் இரவு விழித்திருக்கவும், வட்டை வாடியில் வேளாண்மைக் காவல் இருக்கவும், மாரி மழையில் வள்ளம் இறக்க முடியாத நாளைக் கழிக்கவும் ஏற்ற ஆட்டமாக இது நிலைத்தது. காசு வைத்து ஆடுவதை 1889-ஆம் ஆண்டின் 17-ஆம் இலக்கச் சூதாட்டச் சட்டம் கட்டுப்படுத்தியது. முந்நூற்றுநாலுக்குக் காசு தேவைப்படவுமில்லை. கல்லோ, புளியங்கொட்டையோ, நீக்கிவைத்த சீட்டுகளோ போதும், கணக்குப் பிடிக்க.

ஆட்டம் வலப்புறமாகச் சுற்றும். முதலில் ஆளுக்கு நான்கு சீட்டு. பிரித்தவரின் வலக்கைப் பக்கத்தவர் கேள்வியை, அதாவது தம் கூட்டு இவ்வளவு புள்ளி எடுக்கும் என்று விலைபேசுவதை, தொடங்குவார். 160-க்குக் கீழே கேட்க முடியாது. தானே கேட்கலாம், விட்டுவிடலாம், அல்லது கூட்டாளியிடம் உதவி கேட்டுப் பொறுப்பை அவர் தலையில் வைக்கலாம். ஏற்கெனவே கேட்டவர் மறுபடி கேட்பதென்றாலும், கூட்டாளியின் கேள்விக்கு மேல் போவதென்றாலும் 200-இலிருந்துதான் தொடங்க வேண்டும். கேள்வி யாரிடம் நிற்கிறதோ அவர் ஒரு சீட்டைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். பிறகு மிச்சம் நான்கு சீட்டு வரும். எட்டையும் பார்த்தபின் 250-ஓ அதற்கு மேலோ கேட்க விரும்புகிறவர் கேட்கலாம்.

கொடுக்கல் வாங்கல் ஊருக்கு ஊர் சற்று மாறும். பரவலான முறைப்படி 160 முதல் 190 வரையான கேள்வியில் வென்றால் ஒரு கல், தோற்றால் இரண்டு கல். 200-லிருந்து வென்றால் இரண்டு, தோற்றால் மூன்று. 250-இல் வென்றால் மூன்று, தோற்றால் நான்கு. தோல்விக்கு எப்போதும் ஒன்று கூடுதல். இந்த ஏற்றத்தாழ்வுதான் ஆட்டத்தின் மூளை. 160 கேட்டவரைத் தோற்கடிக்க எதிர்க்கூட்டுக்கு 145 புள்ளி வேண்டும். 190 என்றால் 115 போதும். ஆனால் இரண்டிலும் வெற்றிக்குக் கிடைப்பது ஒன்றுதான், தோல்விக்கு இழப்பதும் அதே இரண்டுதான். 190-இல் வந்து நிற்கும் கேள்வி வீண் செலவு. அதனால்தான் தேர்ந்தவர் நடுத்தரமான கையோடு 170 அல்லது 180 என்று கேட்டு எதிரியைத் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்; கேள்வி அவரிடம் வந்தால் ஆபத்து, எதிரியிடம் நின்றால் இலாபம்.

குறைந்த கேள்வியே பாதுகாப்பு என்ற எண்ணமும் முழுக்கச் சரியல்ல. ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் கைநட்டம் வராதிருக்க, மூன்று ஆட்டத்தில் இரண்டு வெல்ல வேண்டும். 200-இல் ஐந்துக்கு மூன்று போதும். 250-இல் ஏழுக்கு நான்கு. கேள்வி உயர உயர, தேவையான வெற்றி விகிதம் இறங்குகிறது. ஆனால் எதிரிக்கு வேண்டிய புள்ளியும் வேகமாகக் குறைந்துவிடும். 250-க்கு எதிராக 55 புள்ளி போதும். ஜாக், ஒன்பது, பத்து மூன்றும் ஒரே பிடியில் விழுந்தால் 60 ஆகிவிடும், அந்த ஒரு பிடியோடு கதை முடியும்.

ஆட்டத்தின் செலவைக் குறைக்கும் சீட்டு துரும்பு ஏழுதான். அதன் புள்ளி சுழியம். ஆனால் அது எதிரியின் 30 புள்ளி ஜாக்கை வெட்டி எடுக்கும். கூடவே விழுந்த ஒன்பதும் ஆசும் சேர்ந்து வரும். பெறுமதியற்ற ஒன்றைக் கொடுத்துப் பெரியதை வாங்குவது இது. எனவே கவிழ்த்து வைப்பதற்கு எதைத் தேர்வது என்பது ஆட்டத்தின் மிகக் கடினமான முடிவு. ஒருவர் கையில் ஒரே இனத்தின் ஜாக், ஒன்பது, ஏழு, வேறொரு இனத்தின் ஆசு என நான்கு சீட்டு இருப்பதாகக் கொள்வோம். 160 தாராளமாகக் கேட்கலாம். ஜாக்கைக் கவிழ்த்தால் வெட்டு தப்பாது, ஆனால் மிகப் பலமான சீட்டு தரையில் சிறைபட்டுக் கிடக்கும். துரும்பு திறக்கப்படும்வரை கைக்கு வராது. ஏழைக் கவிழ்த்தால் ஜாக்கும் ஒன்பதும் கையிலே தங்கும். ஓர் இனத்தில் எட்டே சீட்டு இருந்தாலும் அந்த இனம் முதல்முறை இறங்கும்போது பெரும்பாலோரிடம் அது இருக்கும். ஏழை மேல்வெட்ட இன்னொரு துரும்பு விழும் வாய்ப்புக் குறைவு. பிந்திய பிடிகளில் இந்த நம்பிக்கை பொய்க்கும். ஆகவே முந்தி வெட்டப் பார்க்கிறவருக்கு ஏழு, பிந்தி வெட்ட நினைக்கிறவருக்கு ஜாக் என்பதே சரியான தேர்வு.

மூடிய துரும்புக்கு இன்னொரு பலன் உண்டு. இறங்கிய இனம் கையில் இல்லாதவர் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடலாம். துரும்பு எதுவென்று அறியாமலே போடுகிற வெட்டு அது. துரும்பு சொன்னவர் மட்டும் அதைத் திருப்பிப் பார்ப்பார். துரும்பில்லை என்றால் மீண்டும் கவிழ்த்துவிடுவார், மற்றவருக்குத் தெரியாது. மற்றவர் கையிலிருந்து போனது எதுவென்ற அந்தத் தகவல் கேள்வி எடுத்தவருக்குச் செலவில்லாமல் கிடைக்கிறது. தொடக்கத்திலேயே துரும்பைத் திறந்துவிட்டால் இந்த நன்மை போய்விடும். கை மிகப் பலமாக இருந்தால் அந்த நட்டத்தைத் தாங்கலாம்.

எல்லாப் பிடியும் தம் பக்கமே என்று உறுதியானால் கம்மாரிஸ் சொல்ல வேண்டும். சொல்லத் தவறினாலும், பிந்திச் சொன்னாலும் தண்டம் உண்டு. சீட்டு எண்ணும் நினைவாற்றலை இந்த விதி கட்டாயமாக்கியது. விழுந்த 32 சீட்டையும் மனதில் வைத்திருக்கிறவரே நல்ல கூட்டாளி என்ற மதிப்பு அதிலிருந்தே பிறந்தது.

1980-களிலிருந்து போரும் இடப்பெயர்வும் இந்த ஆட்டத்தைக் கடல்கடத்தின. கனடா, பிரித்தானியா, ஆஸ்திரேலியா நாடுகளில் தமிழர் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் முந்நூற்றுநாலுப் போட்டிகளை நடத்துகின்றன. வெவ்வேறு ஊரார் ஒரே மேசையில் உட்காரும் அந்தப் போட்டிகளுக்காக, ஊர்தோறும் வாய்வழியாக மாறிவந்த விதிகளை எழுதி வைக்க வேண்டியதாயிற்று. இணையத்தில் ஆடும் செயலிகளும் அவ்வாறு எழுதப்பட்ட விதிகளைக் கொண்டே இயங்குகின்றன.