ஆண்–ஆண் காதல் கதை: தாய்லாந்துத் தொலைக்காட்சியும் தமிழும்

இரண்டு இளைஞர்களுக்கிடையே அரும்பும் காதலை மையமாக வைத்து, பெரும்பாலும் மூன்று மாதங்களில் முடிந்துவிடும் குறுந்தொடர் தாய்லாந்துத் தொலைக்காட்சியில் தனி வகையாக வளர்ந்திருக்கிறது. உள்ளூரில் இதை ‘ஒய் தொடர்’ என்கிறார்கள். யாவோய் என்ற ஜப்பானியச் சொல்லின் ஆங்கில முதலெழுத்து அது. பிற நாட்டு ரசிகர்களிடையே ‘பி.எல்.’ (பாய்ஸ் லவ்) என்ற பெயர் புழங்குகிறது. தமிழில் இதற்கு இணையான தொலைக்காட்சி மரபு உருவாகவில்லை. ஆனால் கதை இருக்கிறது. நாவலின் ஓர் அத்தியாயத்தில், கொழும்பைப் பற்றிக் கனடாவில் எழுதப்பட்ட ஆங்கில நூலில், திரைப்பட விழாவை நம்பி எடுக்கப்பட்ட படத்தில் என்று சிதறிக் கிடக்கிறது. இரண்டு வரலாறுகளும் வெவ்வேறு வழியில் வந்தவை. தாய்லாந்தில் இக்கதையை எழுதியும் படித்தும் வளர்த்தவர்கள் இளம்பெண்கள். தமிழில் அதை முன்னெடுத்தவர்கள் இயக்கத்தாரும் விழாக்காரர்களும். பிறகு நீதிமன்றமும் சேர்ந்துகொண்டது.

ஜப்பானிய மூலம்

1970களின் தொடக்கத்தில் ஜப்பானியச் சிறுமியர் இதழ்களில் வரைந்துகொண்டிருந்த இளம் பெண் ஓவியர்கள் சிலர், ஐரோப்பிய உறைவிடப் பள்ளிகளைக் களமாக்கி, பையன்கள் ஒருவரையொருவர் நேசிக்கும் சித்திரக்கதைகளை வரைந்தனர். ஹாகியோ மோட்டோவின் ‘தாமஸின் இதயம்’ 1974இலும் தாகெமியா கெய்கோவின் ‘காற்றும் மரமும் பாடும் பாட்டு’ 1976இலும் வெளிவரத் தொடங்கின. 1978இல் இவ்வகைக் கதைகளுக்கென்றே ‘ஜூன்’ என்ற இதழ் வந்தது. வரைந்தவர்களும் பெண்கள், வாசித்தவர்களும் பெண்கள். கல்யாணம், பிள்ளைப்பேறு, மாமியார் வீடு என்ற கணக்கு எதுவும் குறுக்கிடாத ஒரு காதலைக் கற்பனை செய்ய அவர்களுக்கு இரண்டு ஆண்கள் தேவைப்பட்டார்கள் என்று விளக்குவோர் உண்டு. இது ஓரளவு சரியான விளக்கம்தான். ஆனால் அந்தப் படங்களின் அழகையும் அழுகையையும் விரும்பிப் படித்த பதினைந்து வயதுப் பெண்ணிடம் கேட்டால் இவ்வளவு சுற்றி வளைத்திருக்க மாட்டாள்.

1990களில் இந்தச் சித்திரக்கதைகள் உரிமம் பெறாத மொழிபெயர்ப்புகளாகத் தாய்லாந்துக் கடைகளுக்கு வந்தன. அடுத்த பத்தாண்டில் கொரிய இசைக்குழுக்களின் இளைஞர்களை இணைத்து ரசிகைகள் கற்பனைக் கதைகள் எழுதினார்கள். பள்ளி மாணவர்கள் கூடும் டெக்-டி என்ற இணையதளம் அவர்களுடைய அச்சகமாயிற்று.

‘லவ் சிக்’ முதல்

2007 நவம்பரில் வெளியான ‘லவ் ஆஃப் சயாம்’ திரைப்படம் வழியைத் திறந்தது. சூகியட் சக்வீரகுன் இயக்கிய இப்படத்தில் ஒரு குடும்பத்தின் துயரத்தோடு சேர்ந்து இரண்டு பையன்களின் நேசமும் சொல்லப்பட்டது. மறு ஆண்டு டெக்-டியில் ஒரு மாணவி தொடராக எழுதத் தொடங்கிய கதைதான் ‘லவ் சிக்’. 2014 ஜூலையில் அது ‘சேனல் 9’ தொலைக்காட்சியில் தொடராக வந்தது. அந்த ஆண்டு மே 22ஆம் தேதிதான் இராணுவம் ஆட்சியைப் பிடித்திருந்தது. நாட்டில் அரசியல் பேசுவது ஆபத்தாகிப்போன மாதங்களில், பள்ளிச் சீருடையில் இரண்டு பையன்கள் காதலிப்பதற்குத் தடை வரவில்லை.

‘லவ் சிக்’கின் கதைப்பின்னலில் ஒரு நுணுக்கம் உண்டு. புன் என்ற பையனுக்குத் தந்தை ஒரு பெண்ணைப் பேசி முடிக்கப் பார்க்கிறார். அதிலிருந்து தப்ப, தனக்கு ஒரு காதலன் இருப்பதாக அவன் தன் தங்கையை நம்பவைக்க வேண்டும். தங்கையோ இத்தகைய கதைகளின் தீவிர வாசகி. நம்பிவிட்டால் அப்பாவிடம் அண்ணனுக்காகப் பேசுவாள். இசை மன்றத்துக்கு நிதி கேட்டு வரும் நோ என்பவனிடம், நிதி வேண்டுமானால் காதலனாக நடி என்கிறான் புன். நடிப்பு நிஜமாகிறது. அந்தத் தங்கையின் வடிவில் வாசகியே கதைக்குள் நுழைந்து ஒரு பாத்திரமாகிவிட்டாள். இவ்வகையின் வணிகம் முழுவதையும் விளக்க இந்த ஒரு பாத்திரம் போதும்.

2016இல் ஜிஎம்எம்டிவி நிறுவனம் எடுத்த ‘சோட்டஸ்’ களத்தைப் பொறியியல் கல்லூரிக்கு மாற்றியது. முதலாண்டு மாணவன் கொங்பொப், புதியவர்களை அதட்டிப் பயிற்றும் மூன்றாமாண்டு அதித் ஆகிய இருவரின் கதை அது. ‘சோட்டஸ்’ என்பது மூப்பு, ஒழுங்கு, மரபு, ஒற்றுமை, ஊக்கம் என்ற ஐந்து சொற்களின் ஆங்கில முதலெழுத்துக் கூட்டு. அங்குள்ள கல்லூரிகளில் நிலவும் ராகிங் முறைக்கே அந்தப் பெயர்தான். நம்மூர்ப் பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு அந்தக் காட்சிகள் புதிதாக இருக்காது. சீனியரின் அதட்டல் காதலாக மாறுவதை ரசிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. இத்தொடருக்குப் பிறகு பொறியியல் மாணவன் இவ்வகையின் நிலையான நாயகனாகிவிட்டான்.

குறுங்கதை வடிவமும் இந்தச் சமயத்தில்தான் வலுப்பெற்றது. 2018இல் வந்த ‘அவர் ஸ்கை’, முந்தைய தொடர்களில் பார்வையாளர் விரும்பிய ஐந்து ஜோடிகளுக்கு ஆளுக்கொரு சிறு கதை கொடுத்தது. தொடர் முடிந்த பிறகும் ஜோடியை விற்க முடியும் என்று நிறுவனங்கள் கண்டுகொண்டன. நடிகர்கள் இருவரையும் திரைக்கு வெளியிலும் இணையாகவே நிறுத்தி, ரசிகர் சந்திப்பு, விளம்பரம், பாட்டுக் கச்சேரி என்று வருமானம் பார்ப்பது வழக்கமானது. தேநீரோ முகப்பூச்சோ காட்சி நடுவில் வந்து தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும். அந்த ஜோடியில் ஒருவருக்கு நிஜ வாழ்வில் காதலி இருப்பது தெரிந்தால் ரசிகர்கள் கொதிப்பதும் உண்டு. இவ்வகையின் மிகப் பெரிய குறையாக இதைத்தான் சொல்ல வேண்டும். சம்மதமின்றி நெருங்குவதைக் காதல் என்று காட்டிய ‘தார்ன் டைப்’ போன்ற தொடர்கள் அதற்கு அடுத்து வரும்.

2020 பிப்ரவரி முதல் மே வரை 13 பகுதிகளாக ஒளிபரப்பான ‘டுகெதர்’ இவ்வகையை உலகச் சந்தைக்குக் கொண்டுபோனது. கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைபட்டிருந்தவர்கள் யூடியூபில் ஆங்கிலத் துணையுரையுடன் இலவசமாகப் பார்த்தார்கள். இந்தியாவிலும் ரசிகர்கள் சேர்ந்தது இப்படித்தான். பெரிய நகரமோ தனித் திரையரங்கோ வேண்டியதில்லை. தருமபுரியில் ஒரு கல்லூரி விடுதி அறையும் கைபேசியும் காதுக்குழாயும் போதும். அந்த ஏப்ரலில், நாயகன் பிரைட் ஹாங்காங்கை ஒரு நாடு என்று குறிப்பிட்ட பதிவுக்கு விருப்பக்குறி இட்டது சீன ரசிகர்களைச் சீண்டியது. தாய்லாந்து, ஹாங்காங், தைவான் இளைஞர்கள் ஒரு பக்கம் திரள, ‘பால் தேநீர்க் கூட்டணி’ என்ற இணைய அரசியல் அணி பிறந்தது. காதல் தொடர் ஒன்றிலிருந்து அயலுறவுச் சச்சரவு கிளம்பியது இவ்வரலாற்றின் வேடிக்கையான பக்கம். அதே ஆண்டு, நருபெட் குனோ இயக்கத்தில் பூக்கெட் தீவின் சீனக் கடைத்தெருவைக் களமாகக் கொண்டு வந்த ‘ஐ டோல்ட் சன்செட் அபவுட் யூ’ ஐந்தே பகுதிகளில் இவ்வகையைக் கலைத்தரத்துக்கு உயர்த்தியது.

தாய்லாந்து 1956இலேயே ஒருபால் உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆனால் திரையில் இத்தனை ஜோடிகள் கைகோத்த காலமெல்லாம் சட்டப்படி அத்தகைய ஜோடிகள் மணம் செய்ய முடியவில்லை. 2024 மார்ச் 27 அன்று கீழவையில் 400க்கு 10 என்ற வாக்கில் சமத் திருமணச் சட்டம் நிறைவேறி, 2025 ஜனவரி 23 முதல் நடைமுறைக்கு வந்தது.

தமிழில்

தமிழில் ஆண்களுக்கிடையிலான பற்றுக்குப் பஞ்சமில்லை. நேரில் காணாமலே கோப்பெருஞ்சோழனை நேசித்து, அவன் வடக்கிருந்தபோது வந்து உடனிருந்த பிசிராந்தையாரைப் பாடப்புத்தகமே நட்பின் இலக்கணமாகக் காட்டுகிறது. ‘தளபதி’ (1991), ‘நாடோடிகள்’ (2009) என்று நண்பனுக்காக உயிரைக் கொடுக்கும் படங்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. கட்டிப்பிடித்து அழலாம், தோளில் சாயலாம், காதலியைவிட நண்பன் பெரியவன் என்று வசனம் பேசலாம். நட்பு என்ற சொல் இவ்வளவையும் தாங்கிக்கொண்டதால், அதற்கு அப்பால் ஒரு காதல் இருக்கக்கூடும் என்று கேட்கும் தேவை கதாசிரியர்களுக்கு வரவில்லை என்று தோன்றுகிறது.

கேட்டவர்கள் சிலர் நாவலாசிரியர்கள். கரிச்சான் குஞ்சுவின் ‘பசித்த மானிடம்’ (1978) ஆண்களுக்கிடையிலான உடலுறவை மூடிமறைக்காமல் எழுதியது. ஆனால் அங்கே அது பசியின் ஒரு முகம், காதலின் கதையாக விரியவில்லை. பெருமாள்முருகனின் ‘நிழல் முற்றம்’ சிறுநகரத் திரையரங்கில் சோடா விற்கும் பையன்களின் நெருக்கத்தையும் அவர்கள் சுரண்டப்படுவதையும் ஒருசேரக் காட்டியது.

இரண்டு பையன்களின் காதலைக் காதலாகவே சொன்ன தமிழர் கதை ஆங்கிலத்தில்தான் வந்தது. 1965இல் கொழும்பில் பிறந்து, 1983 இனக்கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு கனடாவுக்குப் பெயர்ந்த ஷியாம் செல்வதுரை எழுதிய ‘ஃபன்னி பாய்’ (1994), ஒன்றோடொன்று தொடர்புடைய ஆறு கதைகளால் ஆன நாவல். மணப்பெண் வேடம் போட்டு விளையாடும் சிறுவன் அர்ஜி வளர்ந்து, பள்ளியில் ஷெஹான் என்ற சிங்களப் பையனிடம் மனம் கொடுக்கிறான். அடிப்பதற்குத் தயங்காத தலைமையாசிரியர் ஒருபுறம், மொழியால் பிரிந்து நிற்கும் மாணவர் கூட்டம் மறுபுறம். கடைசிக் கதையில் கலவரம் வீட்டை எரிக்கிறது. தாய்லாந்துத் தொடரில் காதலுக்குத் தடையாக வருவது பெரும்பாலும் வெட்கமும் தவறான புரிதலும்தான். அர்ஜிக்கு எதிரே நிற்பது ஒரு நாடு. அதே ஆசிரியரின் ‘ஸ்விம்மிங் இன் த மான்சூன் சீ’ (2005), 1980ஆம் ஆண்டு இலங்கையில் ஒரு பதினான்கு வயதுப் பையன் கனடாவிலிருந்து வரும் உறவினன் மேல் கொள்ளும் ஈர்ப்பை இளையோருக்காகச் சொன்னது. ‘ஃபன்னி பாய்’ 2020இல் தீபா மேத்தா இயக்கத்தில் படமானபோது, தமிழ்ப் பாத்திரங்களில் தமிழரல்லாதோர் நடித்ததும் வசனத்தில் தமிழ் உச்சரிப்பு சிதைந்ததும் ஈழத்தமிழரிடையே கடும் எதிர்ப்பை எழுப்பின. எதிர்ப்பு நியாயமானது. தமிழ் அடையாளத்துக்காகக் குடும்பம் அடிபடும் ஒரு கதையில் தமிழே தடுமாறுவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

தமிழ்த் திரைப்படம் இதற்கிடையே ஆண்மேல் ஆசைகொண்ட ஆணைக் கேலிக்கும் கொடூரத்துக்குமே பயன்படுத்தியது. ‘வேட்டையாடு விளையாடு’ (2006) கொலைகாரர்கள் இருவருக்கும் அந்தச் சாயலைப் பூசியது, ‘இருமுகன்’ (2016) வில்லனுக்கு நளினத்தைக் கொடுத்தது. நடுவில் ‘கோவா’ (2010) ஒரு விலக்கு. வெங்கட் பிரபு இயக்கிய அந்த நகைச்சுவைப் படத்தில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியாக வந்தார்கள். சிரிப்பு மூட்டினாலும் ஊடலும் பொறாமையும் கொண்ட காதலர்களாகவே இருந்தார்கள். லோகேஷ் குமார் இயக்கிய ‘என் மகன் மகிழ்வன்’ (2017) திரைப்பட விழாக்களைச் சுற்றியது. தலைப்பே சொல்வதுபோல் அதன் மையம் மகன் இல்லை, அனுபமா குமார் நடித்த தாய். மகனின் காதலைவிட அவனைத் தாய் ஏற்பாளா என்பதே அங்கே கதை.

இது தற்செயலன்று. தமிழ்க் காதல் கதை எதுவானாலும் வீட்டையும் ஊரையும் சாதியையும் கடந்துதான் ஆக வேண்டும். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில், சாதி கடந்த ஒரு திருமணத்தைத் தொடர்ந்து நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கி எரிக்கப்பட்டன. ஆணும் பெண்ணும் மணந்ததற்கே இந்த விலை என்னும் மண்ணில், பெற்றோரும் உறவும் கண்ணில் படாத கல்லூரி வளாகத்தில் நிகழும் தாய்லாந்து பாணிக் காதல் ஏறக்குறைய அறிவியல் புனைகதைதான். ரசிகர்களை அது ஈர்ப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.

தமிழ்ப் பெண் வாசகர்களின் காதல் கதைச் சந்தை சிறியதன்று. ரமணிசந்திரனின் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் தலைமுறைகளாக விற்கின்றன, பிரதிலிபி போன்ற தளங்களில் பெண்கள் அன்றாடம் அத்தியாயம் எழுதிக் குவிக்கிறார்கள். டெக்-டிக்கு இணையான மேடை இங்கும் உண்டு. ஆனால் அதன் பிரதான ஓட்டம் கல்யாணத்தை நோக்கியே பாய்கிறது.

சட்டமும் இயக்கமும் தனியே நடந்தன. சென்னையில் 2009 முதல் வானவில் பேரணி நடக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், மனமொத்த வயதுவந்தோரின் ஒருபால் உறவை இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு 377இன் பிடியிலிருந்து விடுவித்தது. அதே ஆண்டு ‘குயர் சென்னை குரோனிக்கிள்ஸ்’ அமைப்பு இலக்கிய விழாவைத் தொடங்கியது. மதுரையைச் சேர்ந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு, 2021 ஜூன் 7 அன்று விரிவான வழிகாட்டுதல்கள் வழங்கினார். அதன் தொடர்ச்சியாக 2022 ஆகஸ்டில் தமிழக அரசு, பால்புதுமையரைக் குறிக்கும் கண்ணியமான சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

திரையில் மாற்றம் பக்கத்து மொழியிலிருந்து வேகமாக வந்தது. மலையாளத்தில் கீது மோகன்தாஸின் ‘மூத்தோன்’ (2019) நிவின் பாலியையும் ரோஷன் மேத்யூவையும் காதலர்களாகவே காட்டியது. ஜியோ பேபியின் ‘காதல் – தி கோர்’ (2023) மம்மூட்டியை நடுத்தர வயதுக் கணவராக, உள்ளாட்சித் தேர்தல் வேட்பாளராக, ஓர் ஆணின் நெடுநாள் காதலராக நிறுத்தியது. தமிழில் ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கிய ‘காதல் என்பது பொதுவுடமை’ 2025 காதலர் தினத்தன்று திரையரங்குக்கு வந்தது. அது இரண்டு பெண்களின் கதை. அதிலும் மகள் தன் காதலியை வீட்டுக்கு அழைத்து வரும் நாள்தான் களம். ரோகிணியும் வினீத்தும் நடித்த பெற்றோருக்குப் படத்தின் கணிசமான பங்கு போய்விடுகிறது.