கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகும்



பல வருடங்களுக்கு முன் ஒரு நாள், வகுப்பில் தஸ்தயேவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். "கொலை பண்ணது யாருன்னு முதல்லயே சொல்லிட்டா, அப்புறம் என்ன சார் சஸ்பென்ஸ்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இன்று எழுதுகிறேன்.

1864இல் தஸ்தயேவ்ஸ்கியின் மனைவியும் அண்ணனும் அடுத்தடுத்து இறந்தார்கள். அண்ணன் வைத்துவிட்டுப் போன கடனும் இவர் தலையில் விழுந்தது. 1865இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில், கையிலிருந்ததைச் சூதாட்டத்தில் தோற்றுவிட்டு, விடுதிக்குக் கொடுக்கவும் பணமில்லாமல் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்துதான் 'ருஷ்ய தூதன்' பத்திரிகை ஆசிரியர் கட்கோவுக்குக் கடிதம் எழுதினார். ஒரு குற்றம் செய்தவனின் மனதை எழுதித் தருகிறேன், 300 ரூபிள் முன்பணம் வேண்டும் என்று கேட்டார்.

முதலில் கொலைகாரனே தன் கதையைச் சொல்வதாக எழுதினார். நிறைய எழுதிய பிறகு, அந்த நவம்பரில் அதை எரித்துவிட்டு, 'அவன்' என்று படர்க்கையில் மறுபடி தொடங்கினார். எனக்குத் தோன்றும் காரணம் இது: உட்கார்ந்து தன் கதையைச் சொல்பவன் ஏற்கெனவே மனம் திறந்துவிட்டவன். 'அவன்' என்றால், அடுத்த நிமிடம் என்ன செய்வான் என்று அவனுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

1866 முழுவதும் தொடராக வந்த இந்த நாவலில் ஆறு பாகங்கள், ஒரு முடிவுரை. முதல் பாகத்திலேயே அடகு பிடிக்கும் கிழவியும் அவள் தங்கையும் கொல்லப்பட்டுவிடுகிறார்கள். மற்ற ஐந்து பாகங்களிலும் ஒரே கேள்விதான்: ரஸ்கோல்நிகோவ் வாய் திறப்பானா?

வாடகை பாக்கிக்காகக் காவல் நிலையத்துக்கு அழைக்கிறார்கள். அங்கே கொலையைப் பற்றிப் பேச்சு எழும்போது மயங்கி விழுகிறான். திருடிய பணப்பையை எண்ணிக்கூடப் பார்க்காமல் கல்லுக்கடியில் புதைக்கிறான். கொலை நடந்த வீட்டுக்கே திரும்பிப் போய் மணியை அடித்துப் பார்க்கிறான். யாரும் துரத்தவில்லை. அவன் மனம்தான் அவனை இழுத்துக்கொண்டு போகிறது.

விசாரணை அதிகாரி போர்ஃபிரியிடம் உறுதியான சாட்சியம் இல்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும். கடைசியில் ரஸ்கோல்நிகோவின் அறைக்கே வந்து, நீதான் செய்தாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறார். ஆனால் கைது செய்யவில்லை. நீயாக வந்து சொல் என்று ஓரிரு நாள் அவகாசம் கொடுத்துவிட்டுப் போகிறார். அவன் காவல் நிலையப் படியேறி, சொல்லாமலே இறங்கிவிடுகிறான். வெளியே சோனியா நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏறுகிறான். எத்தனை முறை படித்தாலும் அந்தப் படிகளில் எனக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வருடம் சுற்றுலாவுக்குச் சேர்த்த பணத்தில் கொஞ்சம் குறைந்தது. எடுத்தது யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பையன் மூன்று நாள் ஆசிரியர் அறை வாசல்வரை வந்து, "ஒண்ணுமில்ல சார்" என்று திரும்பிப் போனான். நாலாம் நாள் எனக்குப் பொறுமை போய், வகுப்பு முழுக்கப் பார்க்க அவன் பெயரைச் சொல்லிவிட்டேன். பணம் திரும்பி வந்தது. அவன் அதன்பின் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஒரு நாள் பொறுத்திருந்தால் அவனே சொல்லியிருப்பான். தானே வந்து உண்மையைச் சொன்னவனாக இருந்திருப்பான். நான் அவனை அகப்பட்ட திருடனாக்கிவிட்டேன். போர்ஃபிரி கொடுத்த அந்த அவகாசம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

கடைசி பெஞ்சுத் தம்பி, எங்கிருந்தாலும் கேட்டுக்கொள்: செய்ததற்கும் சொல்வதற்கும் நடுவில் ஒரு மனிதன் படும் பாடுதான் சஸ்பென்ஸ்.

எம்.ஏ.சுசீலா அவர்களின் தமிழாக்கத்தில் இந்த நாவலைப் படிக்கலாம். படித்தவர்கள், உங்களைத் தவிக்க வைத்த இடம் எது என்று எழுதுங்கள்.