மிஸ்டர் பேட் கை (இசைத்தொகுப்பு)

குயீன் ராக் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி (1946–1991) தனித்து வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு. 1985 ஏப்ரல் 29 அன்று வெளியானது; 2025-இல் நாற்பது ஆண்டுகள் நிறைந்தன.

மியூனிக் நகரின் மியூசிக்லேண்ட் ஒலிப்பதிவுக்கூடத்தில் மெர்குரியும் ரைன்ஹோல்ட் மாக்கும் சேர்ந்து தயாரித்தனர். பதினொரு பாடல்களையும் எழுதியவர் மெர்குரியே. குயீனின் கனத்த கிட்டார் ஒதுங்கிக்கொள்ள, சின்தசைசரும் நடனத்தாளமும் முன்னுக்கு வருகின்றன. தலைப்புப் பாடலில் ஆர்க்கெஸ்ட்ராவே ஆர்ப்பரிக்கிறது. காணிக்கை அவருடைய பூனை ஜெர்ரிக்கு. வீட்டிலிருந்த மற்றப் பூனைகளும் விடுபடவில்லை.

பிரிட்டனில் 6-ஆம் இடம், அமெரிக்காவில் எடுபடவில்லை. அதே ஆண்டு ஜூலையில் லைவ் எய்ட் நிதிதிரட்டு இசைநிகழ்ச்சி மேடையில் குயீன் அள்ளிய கைதட்டல் இத்தொகுப்பை மறக்கடித்தது என்றே சொல்லலாம். ஆனாலும் இரு பாடல்கள் மறுபிறவி எடுத்தன: ‘ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ’, ‘மேட் இன் ஹெவன்’. மெர்குரியின் குரலை வைத்துக்கொண்டு குழுவின் மற்ற மூவரும் புதிதாக வாசித்துச் சேர்த்த வடிவங்கள், குயீனின் 1995-ஆம் ஆண்டு ‘மேட் இன் ஹெவன்’ தொகுப்பில் வெளிவந்தன.