கிரயத்துக்கு முன் உரிமை மூலக் குறைகளைத் தீர்த்தல்: புதுக்கோட்டை மாவட்டம்

நிலத்தை விற்பவரின் உரிமையில் காணப்படும் விடுபாடு, பிறர் பங்கு, தீராத கடன், அளவை முரண் ஆகியவை உரிமை மூலக் குறைகள் எனப்படும். 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்தில் இணைந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிலங்களும், முன்பு தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதியும், 1974 ஜனவரி 14-இல் உருவான இம்மாவட்டத்தில் ஒன்றுசேர்ந்ததால், இங்கே ஆவண மரபு ஒன்றன்று. சமஸ்தானத்தில் கோயில்களுக்கும் ஊழியக்காரர்களுக்கும் இனாமாக, அதாவது வரியின்றியோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலங்கள் மிகுதி. 1963-ஆம் ஆண்டின் இனாம் ஒழிப்புச் சட்டங்களின்படி ரயத்துவாரிப் பட்டா யாருக்கு வழங்கப்பட்டது என்பதை அக்கால ஆணையிலேயே பார்த்தல் வேண்டும். கோயில் நிலமாயின், அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியில்லாத விற்பனை செல்லாது.

பதிவான பத்திரங்களை மட்டுமே காட்டும் வில்லங்கச் சான்றை உரிமைக்கே சான்றாகக் கொள்வது பெரும் பிழையாகும். பதியப்படாத உயிலோ வாரிசுகளின் பங்கோ அதில் வராது. தந்தை உயிலெழுதாமல் இறந்தபின் மகன்கள் மட்டும் கையெழுத்திட்டு விற்பதே மிகவும் தொல்லை தரும் குறை. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தந்தையின் தனிச் சொத்தில் மகள்களுக்கும் சமபங்கு உண்டென்பதால், வாசல் நிலையில் நின்று "எனக்கு ஒன்றும் வேண்டாம்" என்று தங்கை சொன்ன வாய்ச்சொல் போதாது. வாரிசுச் சான்று பெற்று, அவரும் கிரயத்தில் சேர்ந்து கையெழுத்திடவோ, முன்னதாக விடுதலைப் பத்திரம் பதிந்து தரவோ வேண்டும். மைனருக்குத் தனியே உரிய சொத்தை நீதிமன்ற அனுமதியின்றிக் காப்பாளர் விற்றிருந்தால், அந்த மைனர் வயது வந்த 3 ஆண்டுகளுக்குள் அதை எதிர்த்து வழக்கிடலாம்.

பழைய பத்திரத்தில் சர்வே எண்ணோ எல்லையோ தவறியிருப்பின், அதை எழுதிக்கொடுத்தவர்களே பிழைத்திருத்தல் பத்திரம் பதிதல் வேண்டும். பட்டாவில் பெயர் தவறினால் வட்டாட்சியரிடமும், மேல்முறையீடாகக் கோட்டாட்சியரிடமும், சீராய்வாக மாவட்ட வருவாய் அலுவலரிடமும் 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ்புத்தகச் சட்டப்படி செல்லலாம். உரிமையே தகராறானால் உரிமையியல் நீதிமன்றமே தீர்க்கும். அடமானக் கடன் அடைக்கப்பட்டபின் ரசீதுப் பத்திரம் பதியப்படாவிட்டால் வில்லங்கம் நீங்காமலே நிற்கும்.

விற்பவர் தம் உரிமையைக் காட்டாவிடில் பதிவை மறுக்க இடந்தந்த தமிழ்நாட்டுப் பதிவு விதி 55-ஏ(1)-ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாததாக்கிவிட்டது. எனவே பத்திரம் பதிவானதைக் கொண்டு, சார்பதிவாளர் உரிமையை ஆராய்ந்துவிட்டார் எனக் கொள்ள இடமில்லை. அப்பொறுப்பு முன்பணம் தருவதற்கு முன்பே வாங்குபவரைச் சேர்கிறது.