கோழிப்பண்ணை மேய்ந்த கடல்

கோழிப்பண்ணைக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டால் கொட்டகையின் நீள அகலத்தைச் சொல்வார்கள். விவரம் தெரிந்தவர்கள் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயலையும் சேர்ப்பார்கள். காசிமேட்டுக்கு அப்பாலுள்ள கடலடியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராயபுரம் கரையின் வரலாறு அந்த விடுபட்ட கணக்கைத்தான் சொல்கிறது. 1870களில் தொடங்கிய சென்னைத் துறைமுகக் கட்டுமானம் வடக்கே நகரும் மணலைத் தடுத்தது. மெரினா அகன்றது, ராயபுரத்தைக் கடல் அரித்தது. கட்டுமரம் ஏற்றி வைக்க மணல் குறைந்துபோன கரையில்தான் பிற்பாடு கற்சுவருக்குள் காசிமேட்டு விசைப்படகுத் துறைமுகம் எழுந்தது.

விசைப்படகுகள் வந்தது கோழிக்காக அல்ல, இறாலுக்காக. அதன் ஏற்றுமதி தந்த அந்நியச் செலாவணிக்காக. இறால் கிடப்பது அடிச்சேற்றில். அதை வாரும் மடிவலையில் விரல் நீளச் சங்கரா, காரப்பொடி, நண்டுக் குஞ்சு, கணவாய்க் குட்டி எல்லாம் சேர்ந்தே வரும். முதலில் அவற்றைக் கடலிலேயே கொட்டினார்கள். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகள் பெருகியதும் அந்தக் குப்பைக்கும் விலை கிடைத்தது. கழிவு மீன் (ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்கள்) வெயிலில் காய்ந்து, மூட்டையாகி, தீவன ஆலைக்குப் போகலாயிற்று.

வீணாகப் போவதைப் பயன்படுத்துவதில் என்ன தவறு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விலை வந்த பிறகு அது வீண் அல்ல, வரும்படி. இறால் குறைந்த நாளில் டீசல் செலவை ஈடுகட்டுவதே அதுவென்றால் மடியின் கண்ணைப் பெரிதாக்க யார் முன்வருவார்கள்? 2001 முதல் 45 நாளாக இருந்து 2017 முதல் 61 நாளாகிவிட்ட மீன்பிடித் தடைக்காலம் தாய்மீனைக் காக்கிறது. தடை முடிந்ததும் அதன் குஞ்சுகள் தீவனமாகின்றன.

கோழியை அடைத்து வளர்ப்பதால் காடு மிஞ்சுகிறது என்பது இன்னொரு வாதம். நிலத்தை மட்டும் பார்த்தால் அதில் உண்மை உண்டு. கோழித் தீவனத்தில் சோயா கூடி மீன்தூளும் குறைந்திருக்கிறது. குறைந்த மீன்தூளுக்கு இறால் பண்ணை காத்திருந்தது. எண்ணூருக்கு வடக்கே, பறவைகள் வந்திறங்கும் பழவேற்காடு ஏரியைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாதென்று 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோரத்தில் 500 மீட்டர். 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் கடலோரத் தடையை 200 மீட்டராகச் சுருக்கியது. இறால் குளம் கரையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதில்தான் இத்தனை வழக்காடலும். அந்தக் குளத்துக்குத் தீவனமாகும் குஞ்சு மீன்கள் எந்த மீட்டருக்குள்ளும் வரவில்லை.