'கலா' என்ற ஒரு சொல்: யங்கோன் தமிழர்களும் இணையத் தடையும்

மியன்மாரின் யங்கோன் நகரிலும் பிற பகுதிகளிலும் 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஃபேஸ்புக் பயனாளர்கள் ஒரு வினோதமான முறைப்பாட்டை எழுப்பினார்கள். நாற்காலியைப் பற்றியும் கொண்டைக்கடலையைப் பற்றியும் எழுதிய பதிவுகள்கூட நீக்கப்படுகின்றன என்பதே அது.

இதற்குக் காரணம் 'கலா' என்ற பர்மியச் சொல். இந்திய வம்சாவளியினரையும் முஸ்லிம்களையும் இழிவாகக் குறிக்கப் பயன்படுவதால் அந்தச் சொல் கொண்ட பதிவுகளை ஃபேஸ்புக் நீக்கத் தொடங்கியிருந்தது. ஆனால் பர்மிய மொழியில் நாற்காலி 'கலாதைங்', கொண்டைக்கடலை 'கலாபே'. ஒட்டகம், திரைச்சீலை ஆகியவற்றின் பெயர்களும் இதே சொல்லுடனேயே தொடங்குகின்றன. ஒரு வசைப்பெயரைத் தடுக்கப் போய், வீட்டுப் பொருட்களின் பெயர்களும் தடையில் சிக்கின.

பலரும் இதைக் கேலியாகப் பேசினார்கள். எனினும் இதன் பின்னால் உள்ள கேள்வி கேலிக்குரியதல்ல. குடும்பங்களும் சிறுவர்களும் கூடும் பொது இடத்தில் ஒரு சமூகத்தைப் புண்படுத்தும் பெயருக்கு இடமளிக்கலாமா? இடமளிக்கக் கூடாது என்றால் அதை யார், எப்படித் தீர்மானிப்பது? யங்கோன் தமிழர்களைப் பொறுத்தவரை இது தெருவிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் அவர்களைத் தொடர்ந்து வரும் கேள்வி.

பழைய சொல், மாறிய பொருள்

தமிழில் பெண்களுக்குச் சூட்டப்படும் ஓர் அழகிய பெயரை ஒத்து ஒலிக்கும் இந்தச் சொல், பர்மிய மொழியில் மிகப் பழமையானது. பாகன் காலத்துக் கல்வெட்டுகளிலேயே இந்தியாவிலிருந்து வந்தவர்களைக் குறிக்க இது பயன்பட்டுள்ளது. இதன் மூலம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. குலத்தைக் குறிக்கும் பாலி மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது என்பார் உண்டு. கறுப்பு நிறத்தைக் குறிப்பது என்பாரும், கடல் கடந்து வந்தவர் என்ற பொருள் கொண்டது என்பாரும் உண்டு. ஐரோப்பியர்கள் வந்தபோது அவர்களை 'வெள்ளைக் கலா' என்றே பர்மியர்கள் அழைத்தார்கள்.

ஆகவே, மேற்கிலிருந்து வந்த அந்நியர் என்பதே இச்சொல்லின் நெடுங்காலப் பொருள் எனலாம். அதில் கசப்பு ஏறியது பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தில்.

1931ஆம் ஆண்டுக் குடித்தொகைக் கணக்கெடுப்பின்படி ரங்கூனின் மக்கள்தொகை சுமார் 4 இலட்சம். அவர்களில் பாதிக்கும் அதிகமானோர் இந்தியர்கள். துறைமுகக் கூலிகள் முதல் செட்டியார் வட்டிக்கடைக்காரர்கள் வரை அவர்களில் இருந்தார்கள். உலகப் பொருளாதார மந்தத்தின்போது நெல் விலை வீழ்ந்து, கடனை அடைக்க முடியாத பர்மிய விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்கள் கைக்கு மாறின. 1930இல் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தைத் தொடர்ந்து வெடித்த கலவரத்திலும், 1938ஆம் ஆண்டுக் கலவரங்களிலும் இந்தியர்கள் தாக்கப்பட்டார்கள். அந்நியர் என்ற பெயர், வேண்டாதவர் என்ற பெயராகியது.

1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது பல இலட்சம் இந்தியர்கள் நாட்டைவிட்டு ஓடினார்கள். அவர்களில் பல்லாயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டார்கள். 1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றி வர்த்தகத்தைத் தேசியமயமாக்கிய பின்னர் மேலும் சுமார் 3 இலட்சம் பேர் வெளியேறியதாகக் கணிக்கப்படுகிறது. சென்னையின் பர்மா பஜார் இவ்வாறு திரும்பியவர்களின் நினைவாக நிற்கிறது.

எஞ்சியவர்களுக்கு 1982ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மற்றொரு அடியாக வந்தது. 1823க்கு முன்பே நாட்டில் நிலைபெற்ற இனங்களையே அது மண்ணின் இனங்களாக ஏற்கிறது. அரசு அங்கீகரிக்கும் 135 இனங்களின் பட்டியலில் இந்தியர்கள் இல்லை. 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் யங்கோனின் மையத்தில் இன்றும் நிற்கிறது. ஆயினும் அதைக் கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் இன்னும் 'கலா' என்றே அழைக்கப்படுகிறார்கள்.

அறியாமல் விதித்த தடை

2014இல் வெளிநாட்டுத் தொலைபேசி நிறுவனங்கள் வந்து சிம் அட்டையின் விலையைத் தடாலடியாகக் குறைத்தபோது மியன்மார் மக்கள் ஒரே பாய்ச்சலில் இணையத்துக்குள் நுழைந்தார்கள். பெரும்பாலானோருக்கு ஃபேஸ்புக்கே இணையமாக இருந்தது. பேச்சில் இருந்த வசை எழுத்தில் பரவியது. பௌத்த தேசியவாதிகளின் பிரசாரத்தில் 'கலா' என்பது முதன்மையாக முஸ்லிம்களை, குறிப்பாக ரோஹிஞ்சாக்களைக் குறிக்கும் வெறுப்புச் சொல்லானது.

இதைக் கண்காணிக்க அந்நிறுவனத்திடம் போதிய ஆட்கள் இருக்கவில்லை. 2015இன் தொடக்கத்தில் பர்மிய மொழி அறிந்த இருவர் மட்டுமே பதிவுகளைப் பரிசீலித்து வந்ததாக 2018இல் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தி தெரிவித்தது. கலாக்களைக் கொல்லுமாறு கூறிய ஒரு பதிவை ஃபேஸ்புக்கின் மொழிபெயர்ப்புக் கருவி, மியன்மாரில் வானவில் இருக்கக் கூடாது என்ற பொருள்பட மொழிபெயர்த்ததாகவும் அச்செய்தி சுட்டிக்காட்டியது. பெரும்பாலானோர் சர்வதேசத் தரமான யூனிகோடுக்குப் பதிலாக 'ஸாஜி' எழுத்துருவைப் பயன்படுத்தியதும் கணினிவழிக் கண்காணிப்பைக் கடினமாக்கியது.

இச்சொல்லை வெறுப்புடன் ஆள்வதையே நீக்க முடிவு செய்ததாகவும், சூழலைப் புரிந்துகொள்வதில் இருந்த சிரமத்தால் அதைச் சரியாக நடைமுறைப்படுத்தத் தடுமாறியதாகவும் ஃபேஸ்புக்கின் அப்போதைய துணைத் தலைவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன் 2017 ஜூனில் ஒப்புக்கொண்டார்.

இரண்டே மாதங்களில், 2017 ஆகஸ்ட் இறுதியில், ரக்கைன் மாநிலத்தில் தொடங்கிய இராணுவ நடவடிக்கையால் 7 இலட்சத்துக்கும் அதிகமான ரோஹிஞ்சாக்கள் வங்கதேசத்துக்குத் தப்பியோடினார்கள். வெறுப்பைப் பரப்பியதில் ஃபேஸ்புக்குக்கு இருந்த பங்கை ஐ.நா. உண்மை அறியும் குழு 2018இல் கடுமையாகக் கண்டித்தது. கொண்டைக்கடலை தடையில் சிக்கிய அதே தளத்தில் கொலை மிரட்டல்கள் தப்பிச் சென்றிருந்தன.

யாரைக் கேட்பது?

2020இல், அமெரிக்காவில் கறுப்பினத்தவர் உரிமைப் போராட்டம் எழுந்த காலத்தில், 'என்னைக் கலா என்று அழைக்காதீர்கள்' என்ற இயக்கம் மியன்மார் சமூக ஊடகங்களில் தோன்றியது. அது பழமையான சொல், அதில் இழிவு இல்லை என்று பலர் மறுத்தார்கள். பர்மியக் குடும்பங்களிலேயே நிறம் கறுத்த பிள்ளையைச் செல்லமாக அப்படி அழைப்பதுண்டு என்றும் வாதிடப்பட்டது.

அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மையல்ல. வீட்டுக்குள் தாய் அழைக்கும் பெயரும், பேருந்தில் அந்நியர் ஒருவர் வீசும் பெயரும் எழுத்தளவில் ஒன்றே. கேட்பவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. பர்மியர்கள் பெரியவர்களை 'ஊ' என்றும் 'டோ' என்றும் மதிப்புடன் அழைப்பவர்கள். 1947இல் ஆங் சானுடன் சுட்டுக் கொல்லப்பட்ட அமைச்சர் ராசாக், இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்தவர். அவரை அந்நாடு 'ஊ ராசாக்' என்றே நினைவுகூர்கிறது. மரியாதையான பெயரை வழங்க மொழியில் இடம் இல்லாமல் இல்லை.

இதே சிக்கல் தமிழர்கள் வாழும் பிற நாடுகளிலும் உண்டு. மலேசியாவில் 'கெலிங்' என்ற சொல் கலிங்க நாட்டின் பெயரிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. பினாங்கின் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அப்பெயரைப் பெருமையுடன் தாங்குகிறது. ஆனால் இன்று தமிழரை நோக்கிச் சொன்னால் அது வசை. மலாய் அகராதியில் அது இடம்பெற்ற விதத்தை எதிர்த்து 2003இல் வழக்கும் தொடரப்பட்டது. இலங்கையில் மலையகத் தமிழர்கள்மீது வீசப்பட்ட 'கள்ளத்தோணி'யும் இத்தகையதே. மறுபுறம், ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளில் ஆங்கிலத்தில் வழங்கும் 'பறையா' என்ற சொல் தமிழகத்துச் சாதிக் கொடுமையிலிருந்து உலகுக்குச் சென்றது. இழிபெயரைச் சுமந்தவர்கள் மட்டுமல்ல, சூட்டியவர்களும் தமிழரிடையே உண்டு.

ஒரு பெயர் வசையா என்பதை அகராதியோ கணினிப் பட்டியலோ மட்டும் தீர்மானிக்க முடியாது என்பதே யங்கோன் அனுபவம் தரும் பாடம். பொதுவிடத்தை நடத்துபவர் அங்கு பேசப்படும் மொழியை அறிந்திருக்க வேண்டும். அந்தப் பெயரால் அழைக்கப்படுபவரைக் கேட்டறியவும் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத தடை, கடலையைப் பிடித்துக் கொலைவெறியை விட்டுவிடும்.

2021 பிப்ரவரியில் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவம் ஃபேஸ்புக்கையே முடக்கியது. தளம் முடக்கப்பட்டாலும் சொல் தெருவில் நிலைத்தது. அதை மாற்றுவது எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை. அழைப்பவர்களின் நாவில்தான் இருக்கிறது.